ஃபோர்க்கை வீட்டில் பிரிப்பதா, பட்டறையில் கொடுப்பதா? முதலில் நகத்தால் தடவிப் பாருங்கள்

உங்கள் கேள்வி சுருக்கமாக இதுதான்: ஐந்து வருடமான 150 சிசி வண்டி, முப்பதாயிரம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. முன் ஃபோர்க் இரண்டிலும் எண்ணெய் கசிகிறது, பிரேக் பிடித்தால் முன்பக்கம் சட்டென்று அமுங்குகிறது. பட்டறையில் கேட்டால் இரண்டையும் முழுதாகப் பிரிக்க வேண்டும் என்கிறார்கள். உங்களிடம் சாக்கெட் செட் இருக்கிறது. பிரேக் பேடு, செயின் செட் எல்லாம் நீங்களே மாற்றியிருக்கிறீர்கள். ஃபோர்க்கையும் வீட்டிலேயே செய்துவிடலாமா, இல்லை காசு கொடுத்துத் தெரிந்தவர் கையில் விட்டுவிடலாமா?

செய்யலாம். உங்கள் வண்டியில் இருப்பது சாதாரண டேம்பர் ராடு ஃபோர்க், அதாவது நுணுக்கமான வால்வுகள் இல்லாத எளிய வகை. பிரேக் வேலை செய்து பழகிய கைக்கு அது எட்டாத வேலை இல்லை. ஆனால் எண்ணெயை உள்ளே அடைத்து நிறுத்தும் ரப்பர் வளையமான சீலை வாங்கப் போவதற்கு முன்னால் பத்து நிமிடம் பிடிக்கிற ஒரு காரியம் இருக்கிறது. வீடா பட்டறையா என்பதை அதுதான் முடிவு செய்யும். கூலி எவ்வளவு மிச்சம் என்ற கணக்கெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

சுத்தமான துணியைக் கொஞ்சம் மண்ணெண்ணெயில் நனைத்து, பளபளப்பாக இருக்கும் ஃபோர்க் பைப்பை மேலிருந்து கீழ்வரை துடையுங்கள். பிரேக் டிஸ்க்கில் ஒரு சொட்டும் படக்கூடாது. பிறகு நல்ல வெளிச்சத்தில் விரல் நகத்தைப் பைப்பின் மேல் வைத்து மெதுவாக மேலும் கீழும் இழுங்கள். ஒரு விரற்கடை தள்ளி மறுபடியும் இழுங்கள். இப்படியே முழுச் சுற்றும் வாருங்கள். முன்பக்கத்தில் கூடுதல் கவனம் வேண்டும். முன்னே போகிற வண்டிகள் தெறிக்கும் கல்லும், ஒட்டிக் காய்ந்த பூச்சியும், மழையும் அந்தப் பக்கத்தில்தான் படுகின்றன. பைப்பின் எந்தப் பகுதி சீலுக்குள் போய்வருகிறது என்று தெரிய, பைப்பைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் கேபிள் டையைக் கட்டி, டஸ்ட் சீல் (ஆயில் சீலுக்கு மேலே தூசியைத் தடுக்கும் ரப்பர் வளையம்) மேல் உட்காரும்படி இறக்கிவிட்டு ஒரு நாள் ஓட்டுங்கள். டை எவ்வளவு உயரம் தள்ளப்பட்டிருக்கிறதோ அதுதான் சீல் உரசும் பகுதி. அதற்கு மேலே இருக்கும் கீறலால் கசிவு வராது.

நகம் எங்கும் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போனால் பைப் நன்றாக இருக்கிறது, வேலையை வீட்டிலேயே செய்யலாம். ஓர் இடத்தில் நகம் 'டிக்' என்று தட்டினால் அது மேடா பள்ளமா என்று பார்க்க வேண்டும். கல் பட்டு உலோகம் சின்னதாகத் துருத்திக்கொண்டிருந்தால், 1000 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரிலோ எண்ணெயிலோ நனைத்து, அந்தத் துருத்தலை மட்டும் தேய்த்து இறக்கலாம். அப்புறம் 2000 நம்பரால் ஒரு முறை. பைப்பின் நீளவாக்கில் தேய்க்காமல் சுற்றுவாக்கில் தேய்க்க வேண்டும். நீளவாக்கில் விழும் ஒவ்வொரு கோடும் எண்ணெய் ஏறிவர ஒரு வாய்க்கால். துருப்பிடித்து உள்ளே போன பள்ளமாக இருந்தால் நிலைமை வேறு. ஓட்டும்போது சீலின் ரப்பர் உதடு ஓயாமல் அந்தப் பள்ளத்தின் விளிம்பைத் தாண்டிப் போய்வரும். புது சீல் போட்டாலும் அதே கத்தி அதே இடத்தில் இருக்கிறது. சீல் மாற்றிய கொஞ்ச நாளில் மறுபடி கசிகிறது என்று வருகிற ஃபோர்க்குகளைத் துடைத்துப் பார்த்தால், பெரும்பாலும் இப்படி ஒரு குண்டூசித் தலையளவு துருப்புள்ளி இருக்கும். பழைய சீலைக் குறை சொல்லிப் பயனில்லை.

அப்படிப்பட்ட பைப்புக்கு இரண்டே வழி: புதுப் பைப் வாங்குவது, அல்லது பழைய குரோமை நீக்கி மறுபடி ஹார்டு குரோம் பூசி, சரியான அளவுக்குக் கிரைண்ட் செய்து வாங்குவது. இரண்டாவதை வீட்டில் செய்யவே முடியாது. அதற்கென்று தொட்டியும் கிரைண்டிங் மெஷினும் உள்ளவர்கள் செய்ய வேண்டிய வேலை. எபாக்ஸி வைத்துப் பள்ளத்தை அடைத்துத் தேய்த்துச் சமாளிப்பவர்கள் உண்டு. பழைய வண்டிக்குப் பைப் கிடைக்கும்வரை தாக்குப்பிடிக்க அது உதவும், அதற்கு மேல் நம்ப வேண்டாம்.

நகத்தில் ஒன்றும் தட்டவில்லையென்றால், பிரிப்பதற்கு முன் இன்னொரு சின்ன முயற்சி. சில சமயம் சீல் கிழிந்திருக்காது. அதன் உதட்டுக்கடியில் ஒரு மணல் துகள் மாட்டி, உதட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். டஸ்ட் சீலை மெல்லப் பெயர்த்து மேலே தள்ளிவிட்டு, பழைய கேமரா பிலிம் நெகட்டிவ் துண்டு ஒன்றைப் பைப்புக்கும் ஆயில் சீலுக்கும் நடுவில் நுழைத்து ஒரு சுற்று ஓட்டி, வெளியே இழுங்கள். பிலிமின் முனையில் சின்ன கொக்கிபோல் ஒரு வெட்டு வெட்டியிருந்தால் துகள் அதில் மாட்டிக்கொண்டு வரும். கறுப்பாக ஏதாவது வந்தால் துடைத்துவிட்டு இன்னும் இரண்டு சுற்று. துடைத்து ஓட்டிப் பாருங்கள். கசிவு நின்றால் சீல் செலவு மிச்சம். உங்கள் விஷயத்தில் இரண்டு பக்கமும் ஒன்றாகக் கசிகிறது, வண்டி ஓடிய தூரமும் அதிகம், எப்படியும் எண்ணெய் மாற்றும் வயது வந்துவிட்டது. அதனால் இது தற்காலிக நிம்மதிதான் தரும். ஒரு பக்கம் மட்டும் திடீரென்று கசியும்போது இதை நிச்சயம் முதலில் செய்து பார்க்க வேண்டும்.

இப்போது ஃபோர்க்கின் வகை. 1935இல் பிஎம்டபிள்யூ தன் ஆர்12, ஆர்17 வண்டிகளில் எண்ணெய்த் தணிப்பு உள்ள டெலஸ்கோப்பிக் ஃபோர்க்கைக் கொண்டுவந்தது. குழாய்க்குள் குழாய், நடுவில் ஸ்பிரிங், சிறு துளைகள் வழியாக நெருக்கிக்கொண்டு ஓடும் எண்ணெய். உங்கள் வண்டியில் இன்றைக்கும் இருப்பது அதே அடிப்படைதான். இதைத்தான் டேம்பர் ராடு ஃபோர்க் என்கிறோம். உள்ளே நுணுக்கமான வால்வு எதுவும் இல்லை; ஒரு முறை பிரித்தால் அது எப்படி வேலை செய்கிறது என்று கையிலேயே புரிந்துவிடும். கற்றுக்கொள்ள இதைவிட நல்ல ஃபோர்க் கிடையாது.

கார்ட்ரிட்ஜ் ஃபோர்க்கில் ஷிம் என்னும் மெல்லிய தகடுகளை அடுக்கிய வால்வுகள் தனியாக ஓர் உருளைக்குள் இருக்கும். அதிலும் சீலும் எண்ணெயும் மாற்றுவது வீட்டில் முடியும், ஆனால் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவியும் ராடைப் பிடிக்கும் கருவியும் வேண்டும். தடித்த குழாய் மேலேயும் பளபளப்பான பைப் கீழேயும் இருக்கும் தலைகீழ் ஃபோர்க்கும் அப்படித்தான். அதில் சீல் கசிந்தால் எண்ணெய் நேராகக் கீழே பிரேக் பக்கம் இறங்கும், அதனால் தள்ளிப்போட முடியாது. ஸ்பிரிங் ஒரு காலிலும் (ஃபோர்க்கின் ஒரு பக்கத்திலும்) டேம்பிங் எனப்படும் எண்ணெய்த் தணிப்பு இன்னொரு காலிலும் இருக்கும் ஃபோர்க்குகளும் வந்திருக்கின்றன. அவற்றில் இடது வலது பாகங்கள் வேறு வேறு, எண்ணெய் அளவும் வேறாக இருக்கலாம். வண்டியின் சர்வீஸ் கையேட்டைப் படிக்காமல் கை வைக்கவே கூடாது. மூடிய கார்ட்ரிட்ஜ், காற்று அழுத்தத்தில் இயங்கும் ஃபோர்க், மின்னணு வால்வு உள்ள ஃபோர்க் ஆகியவற்றைத் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள். அங்கே ஒரு தவறின் விலை, நீங்கள் மிச்சம் பிடிக்கும் கூலியைவிடப் பல மடங்கு.

சரி, உங்கள் ஃபோர்க். இதில் பலரும் பயப்படுவது சீல் அடிப்பதற்கு. உண்மையில் வேலை நின்றுபோகும் இடங்கள் வேறு இரண்டு.

ஒன்று, முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, வண்டி ஆடாமல் நிறுத்துவது. இரண்டு ஃபோர்க்கும் கழன்ற பிறகு முன்பக்கத்தில் எதுவுமே இருக்காது. சென்டர் ஸ்டாண்டு இருந்தால் பாதி வேலை முடிந்தது. என்ஜினுக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கி கொடுத்துக்கொள்ளலாம், ஆனால் சைலன்சர் குழாயில் பாரம் விழக்கூடாது. பின்சக்கரத்தையோ பின்பக்கச் சட்டத்தையோ எதிலாவது இழுத்துக் கட்டிவிடுங்கள். போல்ட்டுக்கு வலுக்கொடுத்து இழுக்கும்போது வண்டி முன்னே சாய்ந்தால் பிடிப்பதற்கு ஆள் இருக்காது. இந்த ஏற்பாடு உறுதியாக இல்லாத இடத்தில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

இரண்டாவது, பைப் உள்ளே போய்வரும் கீழ்க்குழாயின் அடியில் ஒளிந்திருக்கும் ஆலன் போல்ட். அது உள்ளே இருக்கும், எண்ணெய்த் துளைகள் கொண்ட டேம்பர் ராடைக் கீழ்க்குழாயோடு பிடித்து வைத்திருக்கிறது. நீங்கள் போல்ட்டைத் திருப்பினால், உள்ளே ராடும் சேர்ந்து சுற்றும். போல்ட் கழலவே கழலாது. நான் முதன்முதலில் செய்தபோது மேல் மூடியைக் கழற்றி, ஸ்பிரிங்கை எடுத்து, எண்ணெயைக் கொட்டிவிட்டு, கடைசியாகத்தான் இந்தப் போல்ட்டுக்கு வந்தேன். ஒரு மாலை முழுவதும் அது சுற்றிக்கொண்டே இருந்தது. வரிசையை மாற்றினால் போதும் என்று பிறகுதான் தெரிந்தது. ஸ்பிரிங் உள்ளே இருக்கும்போது அதுவே ராடின் தலையை அழுத்திப் பிடித்திருக்கும். ஆகவே மூடியைத் தொடுவதற்கு முன்பே இந்தப் போல்ட்டை இளக்கிவிட வேண்டும். இன்னொருவர் ஃபோர்க்கை அமுக்கிப் பிடித்தால் இன்னும் நல்லது. தொடங்கும் முன் ஆலன் குழியில் அடைந்திருக்கும் மண்ணை ஊசியால் சுரண்டி எடுத்து, கீயை முழு ஆழத்துக்கு இறக்கி, அதன் தலையில் சுத்தியலால் இரண்டு தட்டு தட்டுங்கள். குழி உருண்டுபோனால் பிறகு துளையிட்டுத்தான் எடுக்க வேண்டும். இம்பாக்ட் ரெஞ்ச் இருந்தால் இரண்டு விநாடியில் கழன்றுவிடும். ராடு சுற்றத் தொடங்குவதற்குள் போல்ட் இளகிவிடுகிறது. எதற்கும் மசியவில்லையென்றால் ஃபோர்க்கை மட்டும் எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போய் அந்தப் போல்ட்டை இளக்கி வாங்கி வாருங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மேல் மூடியையும் அப்படியே ஃபோர்க் வண்டியில் இருக்கும்போதே இளக்கிக்கொள்ளுங்கள். பைப்பை வண்டியோடு கவ்விப் பிடிக்கும் இரண்டு கிளாம்ப்புகளில் மேல் கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி, கீழ் கிளாம்ப் இறுக்கமாக இருக்க, மூடியைக் கால் சுற்றுத் திருப்பினால் போதும். முழுதாகக் கழற்றும்போது மட்டும் எச்சரிக்கை: கடைசி மரையில் ஸ்பிரிங் மூடியைத் தூக்கி எறியும். முகத்தை விலக்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு, மூடியைக் கீழே அழுத்தியபடியே கடைசிச் சுற்றைத் திருப்புங்கள். பைப் மேல் கிளாம்ப்புக்கு மேலே எத்தனை மி.மீ. நீட்டிக்கொண்டிருந்தது என்பதைக் கழற்றும் முன்பே அளந்து எழுதி வையுங்கள். பிரேக் காலிப்பரைக் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள், ஹோஸில் தொங்கக்கூடாது. பேடுகளுக்கு நடுவில் ஒரு மரத்துண்டு இருக்கட்டும். யாராவது பிரேக் லீவரை அமுக்கினாலும் பிஸ்டன் வெளியே வராது.

எண்ணெயைக் கொட்டும்போது வரும் நாற்றத்தைப் பார்த்து மிரள வேண்டாம், பழைய ஃபோர்க் எண்ணெய்க்கு அழுகின மீன் வாடை உண்டு. சாம்பல் நிறத்தில் மினுமினுப்பாக வந்தால் புஷ்ஷும் (பைப் ஆடாமல் வழுக்கி ஓட உதவும் வளையம்) அலுமினியமும் தேய்ந்து கலந்திருக்கிறது. பால் கலந்த மாதிரி இருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. அப்படியென்றால் உள்ளே துரு இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். டஸ்ட் சீலையும் அதற்குக் கீழே இருக்கும் கம்பி லாக்கையும் எடுத்த பிறகு, பைப்பைக் கையில் பிடித்துக் கீழ்க்குழாயிலிருந்து சுத்தியல் அடிப்பதுபோல் நாலைந்து முறை வெடுக்கென்று இழுத்தால் சீல், வாஷர், புஷ் எல்லாம் ஒன்றாக வெளியே வரும். வந்த வரிசையிலேயே ஒரு துணியில் அடுக்கிவையுங்கள். சில ஃபோர்க்குகளில் தனிப் புஷ் இருக்காது. அங்கே சீலை நெம்பித்தான் எடுக்க வேண்டும், அப்போது கீழ்க்குழாயின் விளிம்பில் கீறல் விழாமல் ஒரு துணியையோ மெல்லிய மரப்பட்டையையோ முட்டுக் கொடுங்கள்.

புஷ் இருந்தால் அதன் உரசும் பரப்பைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் டெஃப்லான் பூச்சு இருக்கும். அது தேய்ந்து முக்கால்வாசிக்கு மேல் செம்பு நிறம் தெரிந்தால் மாற்ற வேண்டும் என்பது பல கையேடுகளில் உள்ள அளவு. நான் அவ்வளவு தூரம் காத்திருப்பதில்லை. ஃபோர்க் திறந்து கிடக்கும்போது புஷ்ஷும் மாற்றிவிடுவேன். தேய்ந்த புஷ் பைப்பை ஆடவிடும், ஆடும் பைப் புது சீலைத் தின்றுவிடும். பைப்பைத் தடிமனான கண்ணாடித் தகட்டின் மேல் உருட்டி, அடியில் வெளிச்சம் விட்டுவிட்டு வருகிறதா என்றும் பாருங்கள். வளைவுக்குப் பல கையேடுகள் தரும் உச்ச அளவு 0.2 மி.மீ. அதைத் துல்லியமாக அளக்க வி-பிளாக்கும் டயல் கேஜும் வேண்டும். கண்ணாடியிலேயே வளைவு தெரிந்தால் அளக்கத் தேவையே இல்லை, அது பட்டறைக்குப் போக வேண்டிய பைப். ஸ்பிரிங்கைத் தனியே நிறுத்தி அதன் நீளத்தையும் அளந்து கையேட்டோடு ஒப்பிடுங்கள். குறைந்தபட்ச நீளத்துக்குக் கீழே போயிருந்தால் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

சீல் பொருத்துவதில் ஒரே ஒரு நுணுக்கம்தான், ஆனால் அதைத் தவறவிட்டால் முழு வேலையும் வீண். பைப்பின் முனை விளிம்பு கூர்மையானது. புது சீலை அதன் மேல் அப்படியே இறக்கினால் உதடு கண்ணுக்குத் தெரியாமல் வெட்டுப்படும். ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையைப் பைப்பின் தலைக்கு மேல் போர்த்தி, அதன் மேல் ஃபோர்க் எண்ணெயைத் தடவி, சீலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பியபடி இறக்குங்கள். எழுத்துள்ள பக்கம் மேலே இருக்கட்டும், சுருள் கம்பி தெரியும் பக்கம் எண்ணெயைப் பார்த்துக் கீழே. விளிம்பைத் தாண்டியதும் பையை உருவிவிடுங்கள். அடித்து இறக்க, சீலின் வெளிவட்டத்தில் மட்டும் படுகிற அளவில் ஒரு பிவிசி குழாய்த் துண்டு போதும். அதன் முனையைச் சதுரமாக வெட்டி, பிசிறை உப்புத்தாளால் தேய்த்துக்கொள்ளுங்கள். ஸ்குரூ டிரைவரை ஓரத்தில் வைத்துத் தட்டி இறக்குவதை நான் பார்த்திருக்கிறேன், ஒரு காலத்தில் செய்தும் இருக்கிறேன். சீல் கோணலாக இறங்கி இரண்டே வாரத்தில் கசிந்தது. குழாயை வைத்து அடிக்கும்போது காதைக் கொடுத்துக் கேளுங்கள். முதலில் மந்தமாக 'தொப் தொப்' என்று கேட்கும். சீல் அடியில் போய் உட்கார்ந்ததும் சத்தம் கெட்டியாக, உலோகத்தில் அடிப்பதுபோல் மாறும். அப்போது லாக் உட்காரும் பள்ளம் சுற்றிலும் முழுதாகத் தெரிய வேண்டும். ஓரிடத்தில் மறைந்திருந்தாலும் சீல் இன்னும் இறங்கவில்லை. அடியில் ஆலன் போல்ட்டுக்குப் புதுச் செம்பு வாஷர் போடுங்கள், இல்லாவிட்டால் மேலே அடைத்த கசிவு கீழே தொடங்கும்.

அடுத்தது எண்ணெய். வீட்டில் செய்வதன் உண்மையான லாபம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஒருமுறை என் வண்டியை வெளியே கொடுத்துச் சீல் மாற்றி வாங்கி வந்தேன். சீல் கசியவில்லை, ஆனால் குழியில் இறங்கும்போது முன்பக்கம் முன்போல இல்லை. மூடியைத் திறந்து அளந்தேன். இடதுக்கும் வலதுக்கும் எண்ணெய் மட்டத்தில் இரண்டு விரற்கடை வித்தியாசம். அளவுக் குவளையில் ஊற்றியிருக்கிறார்கள், மட்டம் பார்க்கவில்லை. பழைய எண்ணெய் ஒரு காலில் கொஞ்சம் தங்கியிருந்தாலே இந்தத் தவறு வந்துவிடும். ஒரு கணக்குச் சொல்கிறேன்: பைப்பின் உள்விட்டம் 37 மி.மீ. என்றால், 11 மி.லி. எண்ணெய் கூடினாலே மட்டம் 10 மி.மீ. ஏறிவிடும். எண்ணெய்க்கு மேலே மிச்சமிருக்கும் காற்றும் ஒரு ஸ்பிரிங் மாதிரி வேலை செய்கிறது. மட்டம் ஏற ஏற அந்தக் காற்றுக்கு இடம் குறையும், ஃபோர்க் அமுங்கும் கடைசிப் பகுதி கெட்டியாகும். அளவுக்கு மேல் ஊற்றினால் அந்த அழுத்தமே சீலைப் பிதுக்கிவிடும்.

அதனால் ஊற்றிவிட்டு, ஸ்பிரிங் போடாமல், பைப்பை மெதுவாகப் பத்துப் பன்னிரண்டு முறை மேலும் கீழும் அசைத்துக் காற்றை வெளியேற்றுங்கள். ஃபோர்க்கை நிமிர்த்தி வைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். பிறகு முழுதாக அமுக்கி வைத்து, பைப்பின் வாயிலிருந்து எண்ணெய் மட்டம்வரை அளக்க வேண்டும். ஒரு பெரிய சிரிஞ்சில் மெல்லிய குழாயைச் சொருகி, கையேடு சொல்லும் ஆழத்துக்குக் குழாயை நிறுத்தி, கொஞ்சம் கூடுதலாக ஊற்றிய எண்ணெயை உறிஞ்சி எடுங்கள். குழாயில் காற்று வந்ததும் மட்டம் சரி. இரண்டு காலிலும் ஒரு மி.மீ. வித்தியாசம்கூட இல்லாமல் வைக்கலாம். அவசரத்தில் இருக்கும் ஒருவர் உங்களுக்காக இவ்வளவு நேரம் செலவிடுவார் என்று எதிர்பார்க்க முடியாது.

எண்ணெயின் கனம் பற்றி ஒரு வார்த்தை. 10டபிள்யூ என்று டப்பாவில் போட்டிருப்பது எல்லா நிறுவனத்திலும் ஒரே கனம் அல்ல. 40 டிகிரி வெப்பத்தில் எத்தனை சென்டிஸ்டோக்ஸ் (எண்ணெயின் கனத்தைச் சொல்லும் அலகு) என்று போட்டிருக்கும் எண்தான் ஒப்பிட உதவும். பிரேக்கில் முன்பக்கம் அமுங்குகிறது என்பதற்காக 15டபிள்யூ, 20டபிள்யூ என்று கனத்தை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். கனமான எண்ணெய் அமுங்கும் வேகத்தைக் குறைக்கும், எவ்வளவு ஆழம் அமுங்கும் என்பதைத் தீர்மானிப்பது ஸ்பிரிங்கும் மேலே இருக்கும் காற்றும்தான். துளை வழியாக எண்ணெய் ஓடும் இந்த வகையில் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக் கணக்கில் ஏறும். மெதுவான அசைவில் ஒன்றும் தெரியாது, கூர்மையான குழியில் திடீரென்று கல் மாதிரி நிற்கும். கனத்தைக் கூட்டினால் அந்த அடிதான் உங்கள் மணிக்கட்டுக்கு வரும். உங்கள் வண்டி அமுங்குவதற்குக் கசிந்து குறைந்த எண்ணெயும் களைத்த ஸ்பிரிங்கும் காரணமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கையேடு சொன்ன கனத்தில், சொன்ன மட்டத்தில் முதலில் நிரப்பி ஓட்டிப் பாருங்கள்.

அப்படியென்றால் நிபுணருக்கு எதற்குக் காசு? சீல் மாற்றுவதற்கு மட்டும் என்றால், இந்த வகை ஃபோர்க்குக்கு, என் கருத்தில் தேவையில்லை. குரோம் பூசுவதற்கு, வளைந்த பைப்பை நிமிர்த்துவதற்கு, ஷிம் அடுக்கை மாற்றி டேம்பிங்கைச் சீரமைப்பதற்கு, உங்கள் எடைக்குத் தகுந்த ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுப்பதற்குக் கொடுக்கும் காசு வீண் போகாது. நல்ல சஸ்பென்ஷன் ஆளை அடையாளம் காண்பது சுலபம்: முதலில் உங்கள் எடையைக் கேட்பார், நீங்கள் உட்கார்ந்த நிலையில் ஃபோர்க் எத்தனை மி.மீ. இறங்குகிறது என்று அளப்பார். மொத்த அசைவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்குள் அது இருக்க வேண்டும். பழைய பாகங்களைத் திருப்பித் தருவார். எண்ணெய் மட்டம் எத்தனை மி.மீ. வைத்தீர்கள் என்று கேட்டால் ஓர் எண் சொல்வார். 'அளவா ஊத்தியாச்சு' என்பது பதில் இல்லை.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது, நான் அதிகம் பரிந்துரைப்பதும் அதைத்தான். சக்கரம், மட்கார்டு, காலிப்பர் கழற்றி ஃபோர்க் கால்களை உருவுவது நீங்கள் ஏற்கெனவே செய்த பிரேக் வேலையைவிடப் பெரிதாகக் கடினம் இல்லை. கால்களை மட்டும் பையில் போட்டுக்கொண்டு கொடுங்கள். கூலியில் கணிசமான பகுதி இந்தக் கழற்றி மாட்டும் வேலைதான். அது குறையும், வண்டியை மாட்டுவதும் உங்கள் கையில் இருக்கும். முதல்முறை இப்படிச் செய்து, அவர் பிரிக்கும்போது பக்கத்தில் நின்று பார்க்கக் கிடைத்தால், அடுத்த முறைக்குள் உங்களுக்கே முழு வேலையும் வந்துவிடும்.

மாட்டும்போது அவசரப்படாதீர்கள். கசிந்த எண்ணெய் பிரேக் பேடில் பட்டிருந்தால் அந்தப் பேடைத் தூக்கிப் போடுங்கள். தேய்த்தும் சூடேற்றியும் மீட்க முடியாது, உயிர் அதில் இருக்கிறது. டிஸ்க்கைப் பிரேக் கிளீனரால் துடையுங்கள். எழுதிவைத்த உயரத்தில் பைப்புகளை நிறுத்தி, கிளாம்ப் போல்ட்டுகளை இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சில் கையேட்டு அளவுக்கு இறுக்குங்கள். கூடுதலாக இறுக்கினால் பைப் நசுங்கும். ஆக்சில் நட்டை இறுக்கிய பிறகு, கீழே ஆக்சிலைக் கவ்வும் பிஞ்ச் போல்ட்டை மட்டும் தளர்வாக விடுங்கள். வண்டியைத் தரையில் இறக்கி, காலிப்பர் பேடு டிஸ்க்கைத் தொடும்வரை லீவரை அமுக்கி, முன் பிரேக்கைப் பிடித்தபடி ஃபோர்க்கை நாலைந்து முறை ஆழமாக அமுக்கி விடுங்கள். இரண்டு கால்களும் தாங்களாகவே ஒன்றுக்கொன்று இணையாக வந்து நிற்கும். அப்புறம் பிஞ்ச் போல்ட்டை இறுக்குங்கள். இதைச் செய்யாமல் விட்டால் கால்கள் ஒன்றையொன்று நெருக்கி, ஃபோர்க் சிக்கிச் சிக்கி இறங்கும். புது சீலில் கோளாறு என்று தோன்றும், இருக்காது.

முதல் இரண்டு மூன்று ஓட்டத்தில் பைப்பில் மெல்லிய எண்ணெய்ப் படலம் வரும். அது பொருத்தும்போது தடவியது, துடைத்துவிடுங்கள். நூறு கிலோமீட்டர் போல் ஓடிய பிறகும் பைப்பைச் சுற்றி வைத்து எடுத்த வெள்ளைக் காகிதத்தில் வளையம் வளையமாக எண்ணெய் பதிந்தால், மறுபடி பிலிம் துண்டை ஒரு சுற்று ஓட்டுங்கள். அதற்கும் நிற்கவில்லையென்றால், வளையத்தில் எண்ணெய் அதிகம் இருக்கும் பக்கத்தைக் குறித்துக்கொண்டு, பைப்பின் அந்தப் பக்கத்தை இன்னொரு முறை நகத்தால் தடவுங்கள்.